ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார்கள், இஎஸ்ஐ-யில் பாதிச் சம்பளம் கிடைக்குமா?

பீன்யா செகண்ட் ஸ்டேஜ்:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு பீன்யாவில் மெஷின் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். சேர்ந்து மூன்று வருடம் ஏழு மாதம். சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம், இங்கே லக்கரேயில் வாடகை வீடு. சம்பளச் சீட்டில் மொத்தம் 18,000, பிஎஃப் இஎஸ்ஐ பிடித்தது போகக் கையில் பதினாறு சொச்சம் வரும்.

ஆர்டர் இல்லை என்று எங்கள் பிரிவில் பாதிப் பேரை இந்த ஜனவரிக் கடைசியோடு நிறுத்துகிறார்கள். நேற்று ஹெச்ஆர் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, ஏற்கெனவே டைப் அடித்து வைத்த ஒரு தாளை நீட்டினார். "சொந்தக் காரணங்களால் நானாகவே பணியிலிருந்து விலகுகிறேன்" என்று இருந்தது, பெயரும் டோக்கன் நம்பரும் எழுதும் இடம் மட்டும் காலி. கையெழுத்துப் போட்டால் ஒரு வாரத்தில் கணக்கு முடித்துப் பணம், கூடவே அனுபவச் சான்றிதழ், போடாவிட்டால் செட்டில்மென்ட் மூன்று நான்கு மாதம் இழுக்கும் என்கிறார். பல பேர் போட்டுவிட்டார்கள். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று நான் வந்துவிட்டேன், திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

வேலை போனால் இஎஸ்ஐ-யில் மூன்று மாதம் பாதிச் சம்பளம் தருவார்கள் என்று கூட வேலை செய்யும் ஒருவர் சொல்கிறார், இன்னொருவர் அதெல்லாம் கொரோனாவோடு முடிந்துவிட்டது என்கிறார். எது உண்மை? யாரிடம் போய்க் கேட்பது? அப்புறம் என் மனைவிக்கு இது ஆறாம் மாதம், ராஜாஜிநகர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில்தான் காட்டிக்கொண்டிருக்கிறோம். வேலை போன அன்றே கார்டு செல்லாமல் போய்விடுமா? பணத்தை விட இதுதான் இரண்டு நாளாகத் தூக்கத்தைக் கெடுக்கிறது. பிஎஃப் பணத்தை முழுதாக எடுத்துத் தருகிறேன், மூவாயிரம் கொடு என்று ஒரு ஏஜென்ட் வேறு போன் செய்கிறார்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பேரோல் மேசை:

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பொம்மசந்திராவில் பல வருடம் சம்பளக் கணக்குப் பிரிவில் இருந்தேன், இஎஸ்ஐ பிஎஃப் இரண்டையும் மாதாமாதம் ஏற்றிய கை என்னுடையது. நீங்கள் கேட்ட அத்தனை கேள்விக்கும் பதில் அந்த ஒரு தாளில்தான் தொங்குகிறது.

பாதிச் சம்பளம் என்பது பொய் இல்லை. அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா என்று பெயர், 2018 ஜூலையில் வந்தது. முதலில் கால் பங்கு சம்பளம்தான் கொடுத்தார்கள், கொரோனா வந்தபோது 2020 மார்ச் 24 முதல் அதைப் பாதியாக உயர்த்தினார்கள். குறிப்பிட்ட காலம் வரை என்று அறிவித்து, முடியும்போது மறுபடி நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள், அதனால்தான் முடிந்துவிட்டது என்று பேச்சு கிளம்புகிறது. வேலை போய் முப்பது நாள் கழித்து விண்ணப்பம் போடலாம். வாழ்நாளில் ஒரு தடவை, மொத்தம் 90 நாளுக்கு.

எவ்வளவு வரும் என்றால், வேலை போவதற்கு முந்தைய நான்கு சந்தா காலத்தில், அதாவது இரண்டு வருடத்தில், நீங்கள் வாங்கிய மொத்தச் சம்பளத்தை 730-ஆல் வகுப்பார்கள். அந்த ஒரு நாள் சராசரியில் பாதி. உங்களுக்கு 18,000 என்றே வைத்துக்கொண்டால் இரண்டு வருடத்துக்கு 4,32,000, ஒரு நாளைக்கு 591 ரூபாய் சொச்சம், அதில் பாதி 295 சொச்சம், 90 நாளுக்கு ஏறக்குறைய 26,600 ரூபாய். முன்பு சம்பளம் குறைவாக இருந்திருந்தால் கொஞ்சம் குறையும். பெரிய தொகை இல்லைதான், ஆனால் மூன்று மாத வீட்டு வாடகையும் அரிசி பருப்பும் அதில் ஓடிவிடும், விடக் கூடாது.

தகுதி: இரண்டு வருடமாவது இஎஸ்ஐ வேலையில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய சந்தா காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும், அதற்கு முன்னுள்ள மூன்று சந்தா காலத்தில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள். சந்தா காலம் என்றால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. மூன்றரை வருடமாக விடாமல் வேலைக்குப் போனவருக்கு இது தானாகவே இருக்கும்.

இனி அந்தத் தாள் விஷயம். தானாக வேலையை விட்டவருக்கும், விருப்ப ஓய்வு வாங்கியவருக்கும், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் இந்தத் திட்டத்தில் பணம் கிடையாது. மாதச் சந்தாவை ஏற்றும்போது கம்பெனிக்காரர் ஒரு எக்செல் தாளை நிரப்புவார், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி. ஒருவருக்கு வேலை நாள் சைஃபர் என்று போட்டால், பக்கத்துக் கட்டத்தில் காரணத்துக்கு ஒரு எண் போட்டே ஆக வேண்டும். 2 என்றால் வேலையை விட்டுவிட்டார். 10 என்றால் ஆட்குறைப்பு. 11 என்றால் வேலை இல்லை. ராஜினாமாத் தாள் கையில் இருந்தால் அந்தக் கட்டத்தில் 2 விழும், நீங்கள் பிறகு கிளை அலுவலகத்தில் போய் நின்று என்னைத் துரத்தினார்கள் என்று எவ்வளவு சொன்னாலும் அவர்கள் திரையில் தெரிவது அந்த எண்தான். உங்கள் ஹெச்ஆருக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆஸ்பத்திரி பற்றிப் பயப்படாதீர்கள். இஎஸ்ஐ-யில் சந்தா காலத்துக்கு ஏற்ற பலன் காலம் என்று பின்னால் ஒன்று வரும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாள் சந்தா இருந்தால் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரையான காலத்தில் 78 நாள் இருந்தால் ஜூலை முதல் டிசம்பர் வரை. நீங்கள் ஜனவரிக் கடைசி வரை வேலை பார்த்தால் அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி நான்கு மாதம் சேர்ந்து 78 தாராளமாகத் தாண்டிவிடும். ஆகவே வேலை போனாலும் டிசம்பர் வரை உங்களுக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் தொடரும். பிரசவம் ராஜாஜிநகரிலேயே பார்க்கலாம். இஎஸ்ஐ தளத்தில் உங்கள் ஐபி நம்பரில், அதாவது இஎஸ்ஐ கார்டில் உள்ள காப்பீட்டு நம்பரில், நுழைந்தால் எந்தக் காலத்துக்கு எத்தனை நாள் கட்டியிருக்கிறது என்று வரும், அந்தப் பக்கத்தை இப்போதே பிரின்ட் எடுத்து மனைவியின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளோடு வைத்துக்கொள்ளுங்கள். கவுன்ட்டரில் யாராவது வேலையில் இல்லையே என்று கேட்டால் காட்டலாம்.

பிஎஃப் பற்றி இரவு எழுதுகிறேன். அந்த ஏஜென்டுக்கு மட்டும் ஓடிபி எதுவும் சொல்லிவிடாதீர்கள்.


லக்கரே வாசி:

அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், நம் ஆட்களுக்கு இதில்தான் அதிகம் அடிபடுகிறது.

என் தங்கை தும்கூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸில் தையல் லைனில் இருந்தாள். யூனிட்டை மூடிவிட்டார்கள், அவளுக்கு இந்தப் பணத்துக்கு முழுத் தகுதி இருந்தது. விண்ணப்பம் போட்டபோது ஆதாரில் அவள் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுதாக இருந்தது, இஎஸ்ஐ பதிவில் இனிஷியல் மட்டும் முன்னால், கல்யாணத்துக்குப் பிறகு தொடங்கிய பேங்க் பாஸ்புக்கில் கணவர் பெயர். ஒரே பெண், மூன்று தாளில் மூன்று ஆள். கிளை அலுவலகத்தில் இருந்தவர் கன்னடக்காரர், நல்ல மனிதர்தான், மூன்று தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தொட்டுக் காட்டி, இதில் எது உங்கள் சர்நேம் என்று கேட்டார். அவளுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, நமக்கு ஏது சர்நேம். இனிஷியலை விரித்து எழுதித் திருத்தி வர கம்பெனிக் கடிதம் வேண்டும் என்றார்கள், கம்பெனியோ பூட்டிக் கிடக்கிறது, கணக்காளரைத் தேடிப் பிடித்துக் கடிதம் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் பணம் வந்தது, முழுதாக வந்தது.

அதனால் வேலையில் இருக்கும்போதே, இந்த வாரமே, உங்கள் ஆதார், இஎஸ்ஐ, பிஎஃப், பாஸ்புக் நான்கிலும் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். கம்பெனி இருக்கும்போது திருத்துவது சுலபம். இஎஸ்ஐ-யில் பதிவான போன் நம்பர் யாருடையது என்பதையும் பாருங்கள். பல இடத்தில் கான்ட்ராக்டர் தன் ஆளின் நம்பரையே எல்லோருக்கும் போட்டு வைத்திருப்பார், ஓடிபி அவருக்குப் போகும்.


பீன்யா செகண்ட் ஸ்டேஜ்:

அக்கா, ஆஸ்பத்திரி டிசம்பர் வரை என்று படித்ததும் மனைவியிடம் சொன்னேன், பாதிப் பாரம் இறங்கியது போல இருக்கிறது. தளத்தில் பார்த்தேன், ஏப்ரல் செப்டம்பர் காலத்தில் நாள் சரியாக ஏறியிருக்கிறது. பெயரில் ஒரு எழுத்து வித்தியாசம் இருக்கிறது, பிறந்த தேதி சரி. திங்கட்கிழமை அதையும் கேட்கிறேன்.

ஆனால் கையெழுத்துப் போடாவிட்டால் செட்டில்மென்டை நிறுத்தி வைத்தால் என்ன செய்வது? அனுபவச் சான்றிதழ் இல்லாவிட்டால் பக்கத்துக் கம்பெனியில் சேர்க்க மாட்டார்கள் என்கிறார்கள். நான் ஒருவன் மட்டும் எதிர்த்து நிற்பது போல ஆகிவிடுமோ என்று இருக்கிறது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் "பேக்கிங் சூப்பர்வைசர்" என்று போட்டிருக்கிறார்கள், அதனால் எனக்குச் சட்டம் எதுவும் பொருந்தாது என்றும் ஹெச்ஆர் சொன்னார்.


சங்கத்துக்காரன்:

தம்பி, இந்த இடத்தில் நான் பேச வேண்டும். பீன்யாவில் தொழிற்சங்க வேலையில் தலை நரைத்தவன். நிறுத்துகிறோம் என்று சொல்லாமல் நீயே போகிறேன் என்று எழுதிக் கொடு என்று கேட்பது இந்தப் பகுதியில் வழக்கமாகிவிட்டது. அவர்களுக்கு ஏன் அந்தத் தாள் இவ்வளவு அவசரம் என்று யோசியுங்கள். அது இல்லாவிட்டால் உங்களுக்குப் பணம் தர வேண்டும்.

ஆர்டர் குறைந்தது என்று ஆளை நிறுத்துவதற்குச் சட்டத்தில் பெயர் ஆட்குறைப்பு. 1947-ஆம் வருடத்துத் தொழில் தகராறு சட்டத்திலேயே இது இருந்தது, இப்போது 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பு என்ற புதிய சட்டத்திலும் இருக்கிறது. ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்தவரை நிறுத்த வேண்டும் என்றால் காரணம் எழுதி ஒரு மாத நோட்டீஸ், அல்லது அதற்குப் பதில் ஒரு மாதச் சம்பளம். அதோடு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு, ஆறு மாதத்துக்கு மேல் மீதி இருந்தால் அதுவும் ஒரு வருடமாகக் கணக்கு. உங்களுக்கு மூன்று வருடம் ஏழு மாதம் என்றால் நான்கு வருடம், 60 நாள் சம்பளம். நோட்டீஸ் மாதத்தையும் சேர்த்தால் மூன்று மாதச் சம்பளம் அந்த ஒரு கையெழுத்தில் போகிறது. புதிய தொகுப்பில் மறுதிறன் பயிற்சி நிதி என்று ஒன்று கூடுதலாக வந்திருக்கிறது, ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்குக் கடைசிச் சம்பளத்தில் 15 நாள் தொகையை முதலாளி கட்ட வேண்டும், 45 நாளுக்குள் அது தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும். ராஜினாமா செய்தவருக்கு இதில் எதுவும் இல்லை.

செட்டில்மென்ட் இழுக்கும் என்று மிரட்டினால் ஊதியத் தொகுப்பு என்ற சட்டத்தைச் சொல்லுங்கள். நீக்கினாலும், ஆட்குறைப்பு செய்தாலும், அவரே ராஜினாமா செய்தாலும், வர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். ஒரு வாரத்தில் தருகிறோம் என்பது உங்களுக்குச் செய்யும் உபகாரம் இல்லை, அதுவே தாமதம்தான்.

சூப்பர்வைசர் என்ற பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். மேற்பார்வை வேலையில் இருந்து மாத ஊதியம் 18,000-க்கு மேல் வாங்கினால்தான் தொழிலாளி என்ற வரையறையிலிருந்து வெளியே போவார். அதிலும் ஆர்டரில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட, தினமும் கையால் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்த்து வந்திருக்கின்றன. பெட்டி கட்டி, லேபிள் ஒட்டி, எண்ணிக்கை எழுதுகிறவர் தொழிலாளிதான். ஷிஃப்ட் புத்தகத்தில் உங்கள் பெயரில் எத்தனை பெட்டி என்று எழுதிய பக்கம் இருந்தால் போனில் படம் எடுத்து வையுங்கள்.

இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. முறையான ஆட்குறைப்புக் கடிதம் உங்கள் கையில் இருந்தால் இஎஸ்ஐ-யில் இன்னொரு கதவும் திறக்கும். ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா, 2005-லிருந்து இருக்கிறது, நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் கேள்விப்பட்டதே இல்லை. ஆட்குறைப்பிலோ ஆலை மூடப்பட்டோ வேலை போய், இரண்டு வருடச் சந்தாவும் இருந்தால், முதல் 12 மாதம் பாதிச் சம்பளம், அடுத்த 12 மாதம் கால் பங்கு, அந்தக் காலத்தில் வைத்தியமும் உண்டு. அதற்குள் வேறு வேலை கிடைத்தால் நின்றுவிடும். ஒரே காலத்துக்கு இரண்டு திட்டத்திலும் வாங்க முடியாது, ஆனால் 90 நாளோடு நிற்கும் உதவி எங்கே, இரண்டு வருடம் வரை போகும் உதவி எங்கே. இதற்குக் கம்பெனி கொடுத்த கடிதம் முக்கியம், அதில் ஆட்குறைப்பு என்ற வார்த்தை இருக்க வேண்டும்.

தனியாக நிற்கிறோம் என்று நினைக்காதீர்கள். கையெழுத்துப் போடாத நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். மிஞ்சினால் பன்னேர்கட்டா சாலையில் கார்மிக பவன் இருக்கிறது, தொழிலாளர் துறை அங்கேதான். சமரச அதிகாரியிடம் மனு எழுதிக் கொடுக்கலாம், காசு கிடையாது, தமிழில் பேசினாலும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், கன்னடத்தில் எழுதித் தர நாங்கள் இருக்கிறோம்.


பேரோல் மேசை:

பெரியவர் சொன்ன ராஜீவ் காந்தி திட்டத்தை நான் விட்டுவிட்டேன், உங்களுக்கு முதலில் அதையே கேளுங்கள். கிளையில் இருப்பவர் முதலில் அடல் திட்டத்தைத்தான் சொல்வார், கடிதத்தைக் காட்டி இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பிஎஃப்: ஏஜென்ட் வேண்டவே வேண்டாம். உங்கள் யுஏஎன் (ஆயுளுக்கும் ஒன்றான பிஎஃப் நம்பர்), ஆதார், பேங்க் கணக்கு, பான் நான்கும் இணைந்து, போன் நம்பர் உங்களுடையதாக இருந்தால் வீட்டிலிருந்தே உமங் செயலியிலோ பிஎஃப் தளத்திலோ ஒரு பைசா செலவில்லாமல் போடலாம். முன்பு ஒரு மாதம் வேலை இல்லாவிட்டால் 75 சதவீதம், இரண்டு மாதம் ஆனால் மீதியும் என்று இருந்தது. 2025 அக்டோபரில் பிஎஃப் அறங்காவலர் குழு இதை மாற்ற முடிவெடுத்தது, அதன்படி 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், மீதி 25-க்கு 12 மாதம் வேலை இல்லாமல் இருக்க வேண்டும். ஓய்வூதியப் பங்குக்கு 36 மாதம். முழுதாக எடுத்துத் தருகிறேன் என்று சொல்கிறவர் பொய்க் காரணம் எழுதித்தான் எடுப்பார், அது உங்கள் பெயரில்தான் பதிவாகும்.

என்னைக் கேட்டால், இழப்பீடும் இஎஸ்ஐ உதவியும் வந்தால் பிஎஃப்பைத் தொடாதீர்கள். 8.25 சதவீதம் வட்டி அது பாட்டுக்கு ஏறும், வேலை இல்லாத மாதங்களிலும் ஏறும். முக்கியமாக ஓய்வூதியச் சேவை வருடங்கள். பத்து வருடம் சேர்ந்தால் 58 வயதில் மாதாமாதம் பென்ஷன். உங்களிடம் ஏற்கெனவே மூன்றரை வருடம் இருக்கிறது, அதை இப்போது கையில் வாங்கிச் செலவழித்தால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். அடுத்த கம்பெனியில் சேரும்போது இதே யுஏஎன்-ஐக் கொடுங்கள், புதிதாக ஒன்று தொடங்க விடாதீர்கள்.

வேறு வழியே இல்லாமல் எடுக்க வேண்டி வந்தால் வரியைக் கவனியுங்கள். ஐந்து வருடத்துக்குள் 50,000-க்கு மேல் எடுத்தால் பான் இருந்தாலும் 10 சதவீதம் பிடிப்பார்கள். உங்கள் வருமானத்துக்கு வரியே கிடையாது என்பதால் வரி பிடிக்க வேண்டாம் என்று எழுதித் தரும் படிவத்தை (முன்பு 15ஜி என்று பெயர்) சேர்த்துப் போட்டால் பிடிக்க மாட்டார்கள். இங்கேயும் அந்த ராஜினாமாத் தாள் கெடுதல்தான் செய்யும். தொழில் நின்றது போன்று, ஊழியர் கையில் இல்லாத காரணத்தால் வேலை போயிருந்தால் ஐந்து வருடக் கணக்கே பார்க்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் விலக்குத் தருகிறது. நானாகவே போனேன் என்று எழுதிக் கொடுத்தவர் அதைக் கேட்க முடியாது.


ஓசூர் ரோடு ஐடி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எலக்ட்ரானிக் சிட்டியில் டெஸ்டிங் வேலை, மாதம் அறுபதாயிரம். எங்களிடமும் இதே கதைதான், மீட்டிங்குக்குக் கூப்பிட்டு இன்று மாலைக்குள் போர்ட்டலில் ராஜினாமாவைப் பதிவு செய், இல்லாவிட்டால் டெர்மினேட் என்று போடுவோம் என்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அரசாங்கத்தில் ஏதாவது இருக்கிறதா? கர்நாடகாவில் யுவநிதி என்று மூவாயிரம் தருகிறார்களே, அது கிடைக்குமா?


பேரோல் மேசை:

யுவநிதி படிப்பு முடித்து 180 நாளாகியும் வேலை கிடைக்காத புதிய பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும். வேலையில் இருந்து போனவருக்கு அது இல்லை. இஎஸ்ஐ-யும் இல்லை, மாத ஊதியம் 21,000 வரைதான் அதன் வரம்பு, 2017-லிருந்து இதே வரம்பு. வீட்டுக் கடனோடு வேலை இழப்புக் காப்பீடு எடுத்திருந்தால் பாலிசியைத் தேடி எடுங்கள், சில தவணைகளைக் கட்டுவார்கள். ஆனால் ராஜினாமா செய்தவருக்குக் கிடையாது என்று பெரும்பாலான பாலிசியில் எழுதியிருக்கும். உங்களுக்கும் அதே அறிவுரைதான்.


சங்கத்துக்காரன்:

ஐடி தம்பி, மேற்பார்வையோ நிர்வாக வேலையோ இல்லாமல் டெஸ்டிங் போன்ற தொழில்நுட்ப வேலை செய்கிறவருக்குத் தொழிலாளி என்ற வரையறையில் சம்பள உச்சவரம்பு கிடையாது. அறுபதாயிரம் வாங்கினாலும் ஆட்குறைப்பு இழப்பீட்டைக் கேட்கும் வழி உங்களுக்கும் இருக்கிறது. பெங்களூரில் கர்நாடக ஐடி ஊழியர் சங்கம், கிட்டு என்பார்கள், 2017-லிருந்து இயங்குகிறது, கட்டாய ராஜினாமா விஷயங்களைத் தொழிலாளர் துறைக்கு எடுத்துப் போகிறார்கள். அவர்களிடம் பேசுங்கள். அந்த மீட்டிங் அழைப்பு, அதற்குப் பின் வந்த மெசேஜ், எதையும் அழிக்காதீர்கள், லேப்டாப்பைத் திருப்பிக் கேட்பதற்கு முன் உங்கள் சொந்த மெயிலுக்குச் சம்பளச் சீட்டுகளை எடுத்து வையுங்கள்.


பீன்யா செகண்ட் ஸ்டேஜ்:

திங்கட்கிழமை போனேன். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து உள்ளே போனோம். ராஜினாமா தர மாட்டோம், நிறுத்துவதானால் கடிதம் கொடுங்கள் என்று மட்டும் சொன்னோம். ஹெச்ஆர் கோபப்படவில்லை, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். சாயங்காலம் கூப்பிட்டு ஒரு மாதச் சம்பளம் கூடச் சேர்த்துத் தருகிறோம், அந்தத் தாளில் போடுங்கள் என்றார். நாளை மறுநாள் மறுபடி பேசலாம் என்று வந்துவிட்டோம். இப்போது என்ன எழுதிக் கொடுப்பது?


சங்கத்துக்காரன்:

நல்லது தம்பி. ஒரு மாதம் தருகிறேன் என்று இறங்கி வந்தாரே, அதிலேயே தெரிகிறது. இன்றிரவே கம்பெனி மெயிலுக்கு ஐந்து பேரும் தனித்தனியாக இப்படி அனுப்புங்கள்: "இன்ன தேதியில் என்னைக் கூப்பிட்டு, ஆர்டர் குறைவால் ஜனவரிக் கடைசியோடு வேலை இல்லை என்றும், ராஜினாமா எழுதித் தரும்படியும் சொன்னீர்கள். நான் ராஜினாமா செய்ய விரும்பவில்லை, தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். ஆட்குறைப்பு என்றால் காரணத்துடன் எழுத்தில் தந்து, சட்டப்படி நோட்டீஸ் சம்பளம், இழப்பீடு, மற்ற பாக்கிகளைக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்." அவ்வளவு போதும். திட்டோ மிரட்டலோ ஒரு வார்த்தை வேண்டாம். ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ வேண்டும் என்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், எழுதித் தருகிறேன். ஜனவரிக் கடைசி நாள் வரை ஒரு நாள் கூட லீவு போடாதீர்கள், பஞ்ச் அடிக்காமல் இருக்காதீர்கள், தானாக வராமல் நின்றுவிட்டார் என்று எழுத இடம் கொடுக்கக் கூடாது.

இன்னொன்று, கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் முதலில் நிறுத்த வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர்களை அதே வேலையில் வைத்துக்கொண்டு உங்களை அனுப்பினால் அதையும் குறித்து வையுங்கள்.


பேரோல் மேசை:

கடிதம் கைக்கு வந்த பிறகு மார்ச் முதல் வாரத்தில் விண்ணப்பம் போடலாம், அதற்குள் முப்பது நாள் முடிந்திருக்கும். உங்கள் ஐபி நம்பரில் நுழைந்து நீங்களே போடலாம், முன்பு போல முதலாளி வழியாகப் போக வேண்டியதில்லை. ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் அல்லது உங்கள் பெயர் அச்சிட்ட செக், இரண்டையும் ஸ்கேன் செய்து ஏற்றுங்கள். நோட்டரி முத்திரையிட்ட பிரமாணப் பத்திரம் வேண்டும் என்று யாராவது சொன்னால், 2020 நவம்பரிலேயே அதை எடுத்துவிட்டார்கள் என்று சொல்லுங்கள், வாசலில் ஸ்டாம்ப் பேப்பர் விற்கிறவர்களிடம் காசு கொடுக்காதீர்கள். உங்கள் டிஸ்பென்சரி எந்தக் கிளையின் கீழ் வருகிறதோ அங்கே போய் விண்ணப்பம் வந்து சேர்ந்ததா என்று நேரில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கிளையில் தட்டிக் கழித்தால் பின்னிபேட்டையில் மண்டல அலுவலகம் இருக்கிறது, அங்கே எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள்.


ஹவுஸ்கீப்பிங் எஜிபுரா:

நான் கான்ட்ராக்டில் கிளீனிங் வேலை செய்கிறேன். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது இஎஸ்ஐ நம்பர் போட்டுவிடுகிறார்கள், என்னிடம் மூன்று கார்டு இருக்கிறது. இடம் அதேதான். எனக்கு இரண்டு வருடம் என்று கணக்கு வருமா அக்கா?


பேரோல் மேசை:

வர வேண்டும் அம்மா, ஆனால் நம்பர் தனித்தனியாக இருந்தால் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றும் வேறு ஆளாகத்தான் தெரியும். இஎஸ்ஐ நம்பர் ஒருவருக்கு ஆயுளுக்கும் ஒன்றுதான். மூன்று கார்டையும், ஆதாரையும், எந்த மாதத்துச் சம்பளச் சீட்டு இருந்தாலும் அதையும் எடுத்துக்கொண்டு உங்கள் கிளை அலுவலகத்துக்குப் போய், இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தரும்படி எழுதிக் கொடுங்கள். வேலை போகும் வரை காத்திருக்க வேண்டாம், வருகிற வாரமே போங்கள். அடுத்த கான்ட்ராக்டர் வந்தால் படிவம் நிரப்பும்போதே பழைய நம்பர் இருக்கிறது என்று சொல்லி அதையே எழுத வையுங்கள். எழுத மாட்டேன் என்றால் இங்கே வந்து சொல்லுங்கள்.